திருகிய கை

செருப்படி வாங்கியது தனபால். தூக்கம் கெட்டது அவன் பொண்டாட்டி ராசாத்தாளுக்கு.

அடி விழுந்தது தை மாதத்தில், பீளமேட்டில் பத்மாவதியம்மாளின் புது பங்களாவில், குடிபோகிற புண்ணியார்ச்சனை அன்று. ஊர் பார்க்க விழுந்தது. மில்லுக்காரர்கள், காலேஜ் பேராசிரியர்கள், பந்தல்காரர்கள், சமையல்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர்கூட ‘ஏன்’ என்று கேட்கவில்லை.

தனபால் தாமிரக் குழாய் வேலைக்காரன். இரும்புக் குழாய்க்கு மரை போட்டு, சணல் சுற்றி, வெள்ளை தடவி முறுக்குகிற ஆட்கள் கோயமுத்தூரில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். தாமிரத்துக்கு மரை கிடையாது. நெருப்புக் காட்டி ஈயம் ஊட்டித்தான் ஒட்ட வேண்டும். மொட்டைமாடியில் வெந்நீருக்குச் சோலார் வைப்பது பெரிய வீட்டுக்காரர்களுக்குக் கௌரவமாகிவிட்ட வருஷங்கள் அவை. சோலார் வைத்தவர்கள் தாமிரம் கேட்டார்கள். தனபால் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தான்.

ராசாத்தாளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கையாள் கிடைக்கவில்லை, பொண்டாட்டி கிடைத்தாள், அவ்வளவுதான். குழாய் முனையை உப்புத்தாளால் தேய்த்துப் புதுக்காசு நிறத்துக்குக் கொண்டுவருவது, தேய்த்த இடத்தில் விரல் படாமல், ஈயம் உள்ளே இறங்கப் பேஸ்ட் தடவுவது, ப்ளோ லாம்ப்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றிப் பம்ப் அடிப்பது என்று ஆரம்பித்தாள். போகப்போக ஈயம் ஊட்டுவதே அவள் கைக்கு வந்துவிட்டது. நெருப்பை ஒரு பக்கம் காட்டி, ஈயக்கம்பியை மறுபக்கம் தொட்டால் போதும். சூடு சரியாக இருந்தால் தாமிரம் தானே ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும். இணைப்பைச் சுற்றி ஒரு மோதிரம் பளபளவென்று நிற்கும். அந்தப் பளபளப்பு மங்கிப் பால்நிறமாகும் வரைக்கும் குழாயைத் தொடக்கூடாது, அசைக்கக்கூடாது, தண்ணீர் விடக்கூடாது. தனபாலைவிட அவள் ஊட்டின மோதிரம்தான் அழகாக நிற்கும். கூலி பேசும்போது மட்டும் அவளை யாரும் ஆளாகச் சேர்ப்பதில்லை. பொண்டாட்டிதானே.

அன்றைக்கு மொட்டைமாடியில் கடைசி இணைப்பை ஒட்டி முடித்த நேரத்தில் காண்ட்ராக்டர் பாலுசாமி பட்டு வேட்டியோடு படியேறி வந்தார்.

“என்னடா, இன்னுமா? நல்ல நேரம் முடியப்போவுது. விருந்துக்கு வந்த ஒறம்பரையெல்லாம் பாத்ரூம் வாசல்ல நிக்கறாங்க, சூரியன் காய வெச்ச தண்ணியப் பாக்கோணும்னு.”

“சித்த இருங்ணா. ஈயம் இன்னும் மங்கலீங்க,” என்றான் தனபால்.

“ஈயம் மங்கற வரைக்கும் ஐயரு மந்திரத்த நிறுத்திட்டு ஒக்காந்திருப்பாரா?”

சொல்லிக்கொண்டே வால்வைத் திருகிவிட்டார். இணைப்பு பிய்ந்துகொண்டது. தண்ணீர் படி வழியாக இறங்கி, கூடத்துக்குள் பாய்ந்து, எரிந்துகொண்டிருந்த ஓமத்தை அணைத்தது. முதல் ஆளாகக் கீழே ஓடியவர் பாலுசாமி. புருஷனும் பொண்டாட்டியும் இறங்கி வருவதற்குள் கதை சொல்லி முடித்திருந்தார். வாசலில் கிடந்த செருப்பு ஒன்று அவர் கையில் இருந்தது.

“அரைகுறையா ஒட்டிப்போட்டு என்ற பேரைக் கெடுக்கறயாடா?”

கன்னத்தில் ஒன்று. பிடரியில் ஒன்று.

“அடியெல்லாம் அப்பறம் அடிச்சுக்கலாம் பாலுசாமி. மொதல்ல தண்ணிய நிறுத்தச் சொல்லுங்க,” என்றாள் பத்மாவதியம்மாள். வீட்டுக்காரி சொன்ன நியாயம் அவ்வளவு.

தனபால் மேலே போனான். வால்வை அடைத்தான். ஈரத்தைத் துடைத்துவிட்டு, அதே இணைப்பை மறுபடியும் ஒட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான். ராசாத்தாளால் பொறுக்க முடியாதது இதுதான். அடித்தவன் அடித்தான், அடி வாங்கிய இவன் போய் ஒட்டிக் கொடுத்தானே.

*

வைகாசி வந்தது. மசக்காளிபாளையத்து லைன் வீட்டுக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வந்தது. குடங்கள் வரிசையில் நின்றன. பொம்பளைகள் சுவர் நிழலில் உட்கார்ந்து வாய்க்கு வந்ததைப் பேசினார்கள்.

“ஏ ராசாத்தா, உன்ற ஊட்டுக்காரரக் கூட்டியா. கொழாயப் பாத்தாருன்னா தண்ணி தானா ஊத்தும்,” என்றாள் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி. வரிசை முழுக்கச் சிரித்தது.

“உன்ற வாய்க்கு ஒரு ஈயத்த ஊட்டுனாச் சரியாப் போயிரும், வாரயா?” என்றாள் ராசாத்தாள். சிரிப்பு இன்னும் பெரிதாகியது. அவள் சிரிக்கவில்லை.

ஓமம் அணைத்தவன் என்று பேர் ஆகிவிட்டது. சாமி காரியம் கெட்டால் ஊர் மறக்காது. காந்திபுரத்துச் சோலார் கடைக்காரர் தனபாலைக் கூப்பிடுவதை நிறுத்தினார். கட்டட மேஸ்திரிகள் கண்டும் காணாமல் போனார்கள். அவன் பைப்பு மூட்டை இறக்குகிற வேலைக்குப் போனான். ராசாத்தாள் ஸ்பின்னிங் மில்லில் கழிவுப் பஞ்சு பிரிக்கப் போனாள். சாயங்காலம் தலைமுடியெல்லாம் பஞ்சோடு வந்து, அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி, அவன் முன்னால் தட்டை வைத்துவிட்டு ஆரம்பிப்பாள்.

“அந்த ஆளுதான் திருகுனான்னு நீங்க ஏனுங்க சொல்லலை?”

“சொன்னா நம்புவாங்களா?”

“நம்பறாங்களோ இல்லையோ, வாயத் தொறந்து சொல்லோணுமல்ல? நாய அடிச்சாக்கூடக் கொலைக்குது.”

“நெய் இருக்குதா புள்ளே?”

“நெய்யி! செருப்படி வாங்கிட்டு நெய்யி கேக்குது ஆம்பளைக்கு.”

அவன் நெய் இல்லாமல் தின்பான். அவள் விடமாட்டாள். அவளுக்குக் காசு வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். திருகினது யார் என்று, அன்றைக்குப் பார்த்தவர்களின் கண் முன்னால் தெரிய வேண்டும். அதுவும் பாலுசாமி பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிற நாளில் தெரிய வேண்டும். பஞ்சு பிரிக்கும்போது அவள் நினைப்பு முழுவதும் அதுதான். விரல் பாட்டுக்குப் பிரித்துக்கொண்டிருக்கும்.

அந்த மாதத்திலேயே பாலுசாமி அவர்கள் வாசலில் வந்து புல்லட்டை நிறுத்தினார்.

“தனபாலு இருக்கானா அம்மணி?”

ராசாத்தாள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. “இருக்கறாருங்க.”

‘இருக்கறாருங்க’ என்பதில் அவள் கொடுத்த அழுத்தம் அந்த ஆளுக்கு உறைக்கவில்லை. உள்ளே வந்து, கேட்காமலே ஸ்டூலில் உட்கார்ந்தார். “சின்னவேடம்பட்டில சொந்த ஊடு கட்டிப்போட்டேன் கண்ணு. வர்ற வெள்ளிக்கெழம புண்ணியார்ச்சனை. சோலாரு வெச்சிருக்கறேன். திருப்பூருக்காரன் ஒருத்தனக் கூட்டியாந்தேன், லைன் பூராவும் ஒட்டிட்டுப் போயிட்டான். நேத்தைக்கு வாஸ்துக்காரன் வந்து வாஷ்பேசின் மூலை தப்புங்கறான். சாப்பாட்டு ஹாலுக்குள்ள மாத்தி வெக்கோணும். அந்தத் திருப்பூருக்காரன் இப்ப வரமாட்டீங்கறான்.”

“வைகாசி வெயில்ல வெந்நித் தண்ணில கை கழுவறதுக்குங்களா?” என்றாள் ராசாத்தாள்.

பாலுசாமி சிரித்தார். “நாலு பெரிய மனுசங்க வாராங்க. பத்மாவதியம்மா வாராங்க. பாக்கட்டுமே.” தனபாலைப் பார்த்துக் குரலை இறக்கினார். “தையில ஏதோ கோவத்துல கைய நீட்டிப்போட்டேன். மனசுல வெச்சுக்காத. தொழில்ல இதெல்லாம் சகஜம். உன்ற கைவேலை எனக்குத் தெரியாதா?”

தனபால் தரையைப் பார்த்தான். “வாரேனுங்ணா” என்று சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் சொன்னாள்.

“வாரோமுங்க.”

புல்லட் சத்தம் தெருமுனை தாண்டியதும் தனபால் அவளைத் திரும்பிப் பார்த்தான். “என்ன புள்ளே, நீயே வாரோம்னு சொல்லிப்போட்டே?”

“பேஸ்ட் தடவாம ஒட்டப்போறேன்.”

அவன் முழித்தான். பேஸ்ட் தடவாத இணைப்பில் ஈயம் உள்ளே இறங்காது. வெளியே ஒரு தோலாக மட்டும் நிற்கும். பார்த்தால் நல்ல மோதிரம்தான். தண்ணீரின் அழுத்தத்துக்குக் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் திடீரென்று விட்டுவிடும்.

“பந்தி நடக்கறப்ப ஊத்தோணும். பத்மாவதியம்மா எலையில ஊத்தோணும்,” என்றாள்.

“ஊத்துனா யாரச் சொல்லுவாங்க?”

“யாரச் சொன்னா என்ன?”

“என்னையத்தாஞ் சொல்லுவாங்க. ‘தையிலயும் இவனேதான், வைகாசிலயும் இவனேதான்’னு சொல்லுவாங்க. அந்த ஆளு செருப்பத் தேடிட்டுப் போவாரு. இந்தத் தடவ ஒறம்பரையும் சேந்து அடிப்பாங்க. உன்ற கோவத்துக்கு என்ற முதுகா?”

அவன் சொன்னது சரி. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. நாலு மாதமாக வாயைத் திறக்காதவன், திறந்த ஒரு நாளிலும் அவள் வழியைத்தான் அடைக்கிறான். கடைசியில், “பேஸ்ட் டப்பாவ எடுத்து வைங்க, எனக்குக் கை எட்டல,” என்றாள்.

*

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். வீட்டு முன்னால் வாழைமரம் கட்டி, தென்னங்குருத்துத் தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள். பின்பக்கம் சமையல்காரர்கள் நூல்நூலாகச் சந்தகை பிழிந்துகொண்டிருந்தார்கள். ஒப்புட்டு வேகிற வெல்ல வாசனை ஹால் வரைக்கும் வந்தது. ஒரு டம்ளர் காப்பி வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

சாப்பாட்டு ஹாலின் சுவரில் சோலாரிலிருந்து இறங்கும் குழாய் வந்து நின்றது. தலைக்கு மேல் ஒரு வால்வு. வால்வுக்கு மேலே தண்ணீர் நிறைந்திருந்தது. கீழே வெறும் குழாய். அதிலிருந்து முழங்கைபோல வளைந்த ஒரு எல்போ வைத்துத் திருப்பி, பேசினுக்குக் கொண்டுபோக வேண்டும். தனபால் குழாயை அளந்து அறுத்தான். ராசாத்தாள் தேய்த்தாள். பேஸ்ட் தடவினாள், ஒரு இடம் விடாமல். அவன் நெருப்புக் காட்ட, அவள் ஊட்டினாள். பேசின் பக்கத்து இணைப்பெல்லாம் முடிந்து எல்போ மட்டும் பாக்கி இருந்தபோது பூஜை முடிந்து பந்திக்கு இலை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் பந்தியில் பத்மாவதியம்மாள் சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். அரக்குப் பட்டு. பக்கத்தில் பாலுசாமியின் மாமனார், வெள்ளை மீசைக்காரர். வரிசையில் பாதிப் பேர் தையில் பீளமேட்டில் பார்த்த முகங்கள்தான். காண்ட்ராக்டருக்கு வேலை கொடுக்கிறவர்கள்தானே அவருக்கு ஒறம்பரை.

ராசாத்தாள் எல்போவுக்கு ஈயம் ஊட்டினாள். மோதிரம் பளபளவென்று நின்றது. ப்ளோ லாம்ப் விளக்கைத் தணித்து, ஒதுங்கி நின்றாள்.

பாலுசாமியின் சம்சாரம் அவசரமாக வந்தாள். “ஏனுங்க, நேரம் முடியப்போவுது. பந்திக்கு முந்தித் தண்ணி உடோணும்னு சோசியரு சொன்னாரல்ல? திருகுங்க.”

“சித்த இரு.”

“எதுக்கு இருக்கறது? எலை போட்டாச்சு.”

“உனக்கு ஒண்ணும் தெரியாது. சூடா இருக்கறப்பத் திருகுனா ஒட்டுப் பிச்சுட்டு ஊத்தீரும். அந்த ஈயம் பளபளங்குது பாரு, அது மங்கோணும். அப்பறந்தான் திருகோணும்.” வரிசைக்கே கேட்கிற மாதிரி, வேலை தெரிந்தவராட்டம் சொன்னார்.

ராசாத்தாள் சட்டென்று திரும்பி அந்த ஆளைப் பார்த்தாள். தையில் தனபால் சொன்ன பேச்சு இப்போது இந்த வாயிலிருந்து வருகிறது. இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. நன்றாகத் தெரிந்திருக்கிறது.

“ஏனுங்ணா, அது உங்களுக்கெப்படித் தெரியுமுங்க?”

“எது அம்மணி?”

“சூடா இருக்கறப்பத் திருகுனா ஊத்தும்னு. எங்கீங்க பாத்தீங்க?”

பாலுசாமியின் முகம் மாறியது. “வேலையப் பாரு.”

“வேலை முடிஞ்சுதுங்க. நாயந்தான் பாக்கி.” அவள் பத்மாவதியம்மாள் பக்கம் திரும்பினாள். “அம்மா, உங்க ஊட்டு ஓமம் என்ற ஊட்டுக்காரர் அணைச்சதில்லீங்க. ஈயம் மங்கட்டும், சித்த இருங்கன்னு அவரு சொல்லச் சொல்ல, மொட்டமாடில வால்வத் திருகுனது இவுரு. திருகிப்போட்டு, கீழ ஓடியாந்து செருப்பெடுத்தாரு. இப்ப அவரு வாயாலயே சொன்னாரல்ல, கேட்டீங்களா?”

ஹாலில் பரிமாறுகிற கரண்டிச் சத்தம் நின்றது. பத்மாவதியம்மாள் பாலுசாமியைப் பார்த்தாள். அந்த ஆளின் கண் வாசல்பக்கம் போனதைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மில்லை நடத்துகிற குடும்பத்துப் பொம்பளை, முகம் பார்க்கத் தெரியாதா? இலையில் விழுந்திருந்த ஒரு தூசியை எடுத்துப் போட்டாள்.

“சரி, உடும்மா. முடிஞ்சு போனதுதானே. நல்ல காரியம் நடக்கற எடத்துல இதெல்லாம் எதுக்கு? பாலுசாமி, தனபாலுக்கு ஒரு வேட்டி துண்டு எடுத்துக் குடுத்துருங்க.”

“அதுக்கென்னங்கம்மா, குடுத்துர்றேன்,” என்றார் பாலுசாமி. சிரிப்புக்கூட வந்துவிட்டது. “அம்மணிக்கும் ஒரு சீலை குடுத்துர்லாம்.”

கரண்டிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

பத்மாவதியம்மாள் நம்பியிருக்காவிட்டால் ராசாத்தாள் அழுதுவிட்டுப் போயிருப்பாள். அந்தம்மாள் நம்பினாள். நம்பிவிட்டு, வேட்டி என்றாள்.

“ஏனுங்க,” என்று புருஷனைக் கூப்பிட்டாள். “பம்ப் அடிங்க.”

தனபால் அவளைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், பாலுசாமியின் சிரிப்பைப் பார்த்தான். குத்தவைத்து உட்கார்ந்து பம்ப் அடித்தான். தணிந்திருந்த விளக்கு நீலமாகச் சீறியது.

“எதுக்கு மறுபடியும்?” என்றார் பாலுசாமி.

“எங்க கைவேலைங்க. எங்குளுக்கு வேட்டியும் வேண்டாம், சீலையும் வேண்டாம். எல்போவக் கழட்டி எடுத்துட்டுப் போயர்றோம். நீங்க திருப்பூருக்காரனக் கூட்டியாந்து ஒட்டிக்குங்க.”

ஈயத்தில் ஒட்டியதற்கு அது ஒரு வசதி. மறுபடி நெருப்புக் காட்டினால் விட்டுவிடும். குழாய்க்குள் தண்ணீர் இருந்தால் மட்டும் சூடு ஏறாது. ராசாத்தாள் நெருப்பை எல்போமேல் திருப்பினாள். மங்க ஆரம்பித்திருந்த மோதிரம் மறுபடியும் மினுங்கியது. இடது கையில் குறடு பிடித்து எல்போவைக் கவ்வினாள்.

“ஏய், நிறுத்து! நிறுத்தறயா இல்லயா? நேரம் போவுது!” பாலுசாமி கத்தினார். தனபாலைப் பிடித்துத் தள்ளப் பார்த்தார். அவன் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. குழாயில் தண்ணீர் இறங்கினால் இவள் நெருப்பு வேலை செய்யாது என்று அந்த நேரத்தில் அந்த ஆளுக்குத் தோன்றியது. நாற்பது வீடு கட்டிய மூளை. வால்வை எட்டிப் பிடித்தார்.

“ஈயம் மங்கலீங்ணா! திருகாதீங்க!” ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி ராசாத்தாள் கத்தினாள். கத்திவிட்டு, விளக்கை இழுத்துக்கொண்டு விலகினாள்.

திருகினார்.

எல்போ தெறித்து எதிர்ச் சுவரில் மோதி விழுந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் முதலில் பாலுசாமியின் பட்டுச் சட்டையில் அடித்தது, அப்புறம் பந்தியில். சந்தகை மிதந்தது. ஒப்புட்டு வாழையிலையோடு கிளம்பிப் போனது. பத்மாவதியம்மாள் அரக்குப் பட்டை முழங்கால் வரைக்கும் தூக்கிக்கொண்டு எழுந்தாள். குழந்தைகள் கைதட்டின. பாலுசாமி வால்வை அடைக்கப் போராடினார். மலிவாகக் கிடைக்கிறதென்று அவரே வாங்கிப்போட்ட வால்வு. கைப்பிடி கையோடு கழன்று வந்துவிட்டது.

“பாத்தீங்களாம்மா? பாத்தீங்களா இவனுக செஞ்ச வேலைய? என்ற ஊட்டையும்…” என்று கைப்பிடியை ஆட்டி ஆட்டிப் பாலுசாமி கூவினார்.

“நீங்கதானுங் மாப்ள திருகுனீங்க,” என்றார் வெள்ளை மீசைக்காரர். அவர் வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. “அந்தப் புள்ள வேண்டாம்னு கத்துச்சு. நாங்க பாத்துட்டுத்தான இருக்கறோம். அந்த ஓமத்தையும் நீங்கதானுங்களா?”

யாரும் அவரை ‘விடுங்க’ என்று சொல்லவில்லை. பத்மாவதியம்மாளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவள் பட்டு நனைந்திருந்தது.

பாலுசாமி தனபாலைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“தனபாலு, ஸ்பேனரு உன்றகிட்டத்தான இருக்குது? அந்த வால்வு முனையப் புடிச்சுத் திருகி அடைச்சு உடப்பா. ஊடு நாசமாப் போவுது. தண்ணி பூராவும் போவுது. லாரித் தண்ணி ஊத்தி ரொப்புனதுப்பா.”

தனபாலின் கால் ஒரு எட்டு முன்னால் வந்தது. பழக்கம். ராசாத்தாள் அவன் சட்டையின் பின்புறத்தைப் பிடித்தாள்.

“நில்லுங்க.”

அவன் நின்றான். கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான். துண்டால் அதன் ஈரத்தைத் துடைத்தான். நிதானமாகத் துடைத்தான். அப்புறம் பைக்குள் போட்டு, பையின் வாயைச் சுருக்கி முடிச்சுப் போட்டான்.

“அடைச்சு உடுப்பா, உன்னைய கையெடுத்துக் கும்படறேன்,” என்றார் பாலுசாமி. கும்பிடவும் செய்தார், கைப்பிடி கையில் இருக்கவே.

மேலே தொட்டி பெரியது. அது கடைசிச் சொட்டு வரைக்கும் இறங்கி முடிகிற வரையில் புருஷனும் பொண்டாட்டியும் அங்கேயே, கணுக்கால் தண்ணீரில், நின்று பார்த்தார்கள்.